கருணாநிதி என்ற சட்டமன்ற உறுப்பினர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழக அரசியல் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். மு. கருணாநிதி பெயர் வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். ஆனால் இரண்டு பக்கமும் சண்டை போடுவது முதலமைச்சர் கருணாநிதியைப் பற்றித்தான். அவர் முதலமைச்சராக இருந்தது மொத்தம் 19 ஆண்டுகளுக்குள்தான். சட்டமன்றத்தோடு இருந்த உறவோ 1957 முதல் 2018 வரை. அந்த நீண்ட கணக்கைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

இவரு எங்கேருந்து வந்தாரு? குடும்பத்துல யாராவது அரசியல்ல இருந்தாங்களா?

யாரும் இல்லை. 1924 ஜூன் 3 அன்று திருக்குவளையில் பிறந்தார். அப்போது அது தஞ்சை மாவட்டம், இப்போது நாகப்பட்டினம் மாவட்டம். பெற்றோர் முத்துவேலர், அஞ்சுகம் அம்மையார். வைத்த பெயர் தட்சிணாமூர்த்தி. இசை வேளாளர் குடும்பம் என்பதால் சிறு வயதில் நாகசுரம் கற்க அனுப்பினார்கள். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பெரிய மனிதர்கள் முன் நிற்க வேண்டியிருந்த அந்த வழக்கம் பிடிக்காமல் விலகினார். பின்னாளில் அவர் பேசிய சமூகநீதிக்கு விதை அங்கே விழுந்தது என்பது என் எண்ணம்.

பள்ளிப் படிப்பு திருவாரூரில். பள்ளி இறுதித் தேர்வைத் தாண்டவில்லை. 14 வயதில் இந்தி எதிர்ப்பு ஊர்வலம், 1942-இல் 'முரசொலி', அப்புறம் திரைப்பட வசனம் என்று போனது வாழ்க்கை. தேர்தலில் நிற்கும் முன்பே தமிழ்நாட்டில் அவர் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு.

'கலைஞர்' என்பது அரசு கொடுத்த பட்டமா?

இல்லை. 'தூக்குமேடை' நாடகத்தின்போது நடிகர் எம்.ஆர். ராதா அப்படி அழைத்ததாகச் சொல்வார்கள். அது ஒட்டிக்கொண்டது.

முதல் தேர்தல்லயே ஜெயிச்சாரா? அப்போ தி.மு.க. பெரிய கட்சியா?

ஜெயித்தார், ஆனால் கட்சி பெரியதல்ல. 1957-இல்தான் தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலைச் சந்தித்தது. 205 இடங்கள் கொண்ட சபையில் 15 பேர் வந்தார்கள். அதில் ஒருவர் குளித்தலை உறுப்பினர் கருணாநிதி, வயது 32. குளித்தலை அவருக்குச் சொந்த ஊரல்ல. அன்றைய திருச்சி மாவட்டத்துக் காவிரிக்கரைத் தொகுதி.

சபையில் அவர் எடுத்த முதல் பிரச்சினை நங்கவரம் விவசாயிகளுடையது. நிலம் யாரோ ஒருவருக்கு, உழைப்பு யாரோ ஒருவருக்கு என்ற தகராறு அது. சினிமா வசனம் எழுதுகிறவர் சபையிலும் வசனம்தான் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வாரம், குத்தகை, சாகுபடி என்று பேச்சு வந்தது. பேச்சோடு நிற்காமல் அந்த ஊரில் போராட்டத்தையும் முன்னின்று நடத்தினார். 1962-இல் தி.மு.க. 50 இடம் பிடித்தது. அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றுவிட்டதால் நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவரானார், கருணாநிதி துணைத் தலைவர். சபை நடைமுறையை அவர் கரைத்துக் குடித்தது இந்தப் பத்தாண்டில்தான்.

பதிமூணு தடவைன்னு சொல்றாங்களே, எந்தெந்தத் தொகுதி?

குளித்தலை 1957, தஞ்சாவூர் 1962, சைதாப்பேட்டை 1967, 1971, அண்ணா நகர் 1977, 1980, துறைமுகம் 1989, 1991, சேப்பாக்கம் 1996, 2001, 2006, திருவாரூர் 2011, 2016. ஏழு தொகுதி, 13 வெற்றி. இடையில் 1984 இல்லை என்பதைக் கவனியுங்கள். தேர்வில் பொறி வைப்பது அங்கேதான்.

அப்போ அறுபது வருஷம் தொடர்ச்சியா எம்.எல்.ஏ.வா இருந்தாரா?

இல்லை. மேடைப் பேச்சில் அப்படி வருவது பழக்கதோஷம். 1983-இல் இலங்கைத் தமிழர் பிரச்சினையை முன்வைத்து அவரும் க. அன்பழகனும் உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார்கள். அடுத்து அவர் சட்ட மேலவை உறுப்பினரானார், அதனால் 1984 பேரவைத் தேர்தலில் நிற்கவில்லை. 1986 நவம்பரில் மேலவையே கலைக்கப்பட்டதும் அந்தப் பதவியும் போனது. 1989 ஜனவரியில்தான் மறுபடி உள்ளே வந்தார்.

அடுத்த இடைவெளி 1991. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் நடந்த அந்தத் தேர்தலில் கட்சி துடைத்தெறியப்பட்டது. தான் மட்டும் ஜெயித்து என்ன என்று துறைமுகம் உறுப்பினர் பதவியை விட்டார். 1996 வரை சபையில் இல்லை. எல்லாம் கூட்டினால் பத்து ஆண்டுக்கு மேல் பேரவைக்கு வெளியே இருந்திருக்கிறார். வெற்றிகள் தொடர்ச்சியானவை, பதவி அப்படியல்ல.

ஒரு தடவைகூட தோற்கலைங்கிறது நிஜமா? தொகுதி மாத்திக்கிட்டே இருந்ததுதான் ரகசியமாமே?

சட்டமன்றத் தேர்தலில் தோற்கவில்லை என்பது நிஜம். மக்களவைக்கு அவர் நின்றதே இல்லை. தொகுதி மாறியதும் நிஜம்தான், சில முறை காற்று எப்படி அடிக்கிறது என்று பார்த்தே மாறினார். ஆனால் கடைசியில் சேப்பாக்கத்தை விட்டதற்கு வேறு காரணமும் உண்டு. தொகுதி மறுவரையறையில் அந்தத் தொகுதியே பழைய உருவில் இல்லாமல் போனது.

நூலிழையில் தப்பியதும் உண்டு. 1980-இல் அண்ணா நகரில் எச்.வி. ஹண்டேயை 699 வாக்கில்தான் வென்றார். 1991-இல் துறைமுகத்தில் வித்தியாசம் ஆயிரத்தைத் தொடவில்லை. அதே மனிதர் 2016-இல், 91 வயதில், திருவாரூரில் 68,366 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே அதுதான் அதிகம்.

இந்தியாவுலயே அதிக தடவை ஜெயிச்ச எம்.எல்.ஏ. இவர்தானா?

இவர் மட்டும் இல்லை. கேரளத்தின் கே.எம். மாணியும் 13 முறை வென்றவர், அதுவும் பாலா என்ற ஒரே தொகுதியில். ஒரு வேடிக்கை: மாணி முதலில் வென்ற 1965 கேரளச் சட்டமன்றம் கூடவே இல்லை. வென்றதை எண்ணுவதா, உட்கார்ந்ததை எண்ணுவதா என்பது உங்கள் பாடு.

எதிர்க்கட்சித் தலைவரா எத்தனை வருஷம் இருந்தாரு?

1977 முதல் 1983 வரை, இடையில் 1980 தேர்தல். அவ்வளவுதான். ஆட்சியை இழந்த 2001-இலும் அந்தப் பொறுப்பை அவர் ஏற்கவில்லை, அன்பழகன் ஏற்றார். 2011-இல் தே.மு.தி.க.வுக்கு அதிக இடம் என்பதால் விஜயகாந்துக்குப் போனது. 2016-இல் மு.க. ஸ்டாலின். பதவி இல்லாத எதிர்க்கட்சிக்காரராகத்தான் அவர் நிறைய காலம் இருந்தார்.

எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த ஆண்டுகளின் அவைக்குறிப்பைப் புரட்டினால் இவருடைய உண்மையான திறமை தெரியும். துறைவாரியாகச் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் அரசின் புத்தகத்தில் இருக்கும் எண்ணையே எடுத்து அரசைத் திருப்பி அடிப்பது, நடுவில் ஒரு சிலேடை, அப்புறம் வெளிநடப்பு. சிலேடை மட்டும் மக்கள் நினைவில் நின்றது, எண்கள் நிற்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மாநில சுயாட்சின்னா மறைமுகமா தனிநாடு கேட்கிறதுதானே?

அதிகம் குழம்புவது இதில்தான். திராவிட நாடு கோரிக்கையைத் தி.மு.க. 1963-இலேயே கைவிட்டது, அண்ணா இருக்கும்போதே. கருணாநிதி 1969 பிப்ரவரியில் முதலமைச்சரான பிறகு எடுத்தது வேறு வழி. அரசியலமைப்புக்குள்ளேயே எந்த அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்று பார்க்கச் சொல்லி, அதே ஆண்டில் ஒரு குழுவை அமைத்தார். தலைவர் பி.வி. ராஜமன்னார், சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி. உடன் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரும் பி. சந்திரா ரெட்டியும். மூவரும் கட்சிக்காரர்கள் அல்லர்.

குழு 1971-இல் அறிக்கை தந்தது. மாநில ஆட்சியைக் கலைக்க வழிவிடும் 356-ஆவது பிரிவு வேண்டாம், மாநிலங்களுக்கிடையே ஒரு மன்றம் வேண்டும், வரிப் பங்கீடு மாற வேண்டும் என்ற போக்கில் அது இருந்தது. 1974 ஏப்ரலில் சட்டமன்றம் சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. 1970 திருச்சி மாநாட்டு முழக்கத்தைப் பாருங்கள்: 'மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி'. இரண்டாவது பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொன்னால் நீங்கள் கேட்ட சந்தேகம் வரத்தான் செய்யும்.

இதன் சின்ன வெற்றி ஒன்றை ஆண்டுதோறும் பார்க்கிறோம். சுதந்திர நாளில் முதலமைச்சர் கொடியேற்றுவது 1974-இல் வந்த உரிமை. அதற்கு முன் மாநிலங்களில் ஆளுநர்தான் ஏற்றினார்.

356-ஐ எதிர்த்தவர்தான், 1980-ல எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைச்சப்போ சும்மா இருந்தாரே?

நியாயமான கேள்வி. இவருடைய ஆட்சி இரண்டு முறை கலைக்கப்பட்டது: 1976 ஜனவரி 31, 1991 ஜனவரி 30. முதலாவது, நெருக்கடி நிலையை எதிர்த்து நின்ற காலத்தில். இரண்டாவது இன்னும் மோசம். ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார், 'அல்லது வேறு வகையில்' என்று அந்தப் பிரிவில் இருக்கும் சொல்லை வைத்தே கலைத்தார்கள்.

1980 பிப்ரவரியில் இந்திரா காந்தி எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தபோது தி.மு.க. இந்திரா காங்கிரசின் கூட்டாளி. கொள்கைப்படி எதிர்த்திருக்க வேண்டும், எதிர்க்கவில்லை. இதற்கு நான் சால்ஜாப்பு சொல்லப்போவதில்லை. மக்களும் அந்த ஆண்டே எம்.ஜி.ஆரைத் திரும்பக் கொண்டுவந்து பதில் சொல்லிவிட்டார்கள்.

பெண்களுக்குச் சொத்துல சம உரிமை இந்தியாவுலயே முதல்ல இவர் கொண்டுவந்ததுதானே?

முதலில் அல்ல. ஆந்திரம் 1986-இலேயே அப்படிச் சட்டம் செய்துவிட்டது. தமிழ்நாட்டுத் திருத்தம் 1989-இல். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு என்றது அது. நாடு முழுமைக்கும் அது வந்தது 2005-இல். ஒரு கட்டுப்பாடு உண்டு: 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமான மகள்களுக்கு மாநிலச் சட்டம் பொருந்தாது. பல வீடுகளில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்று ஆனது இதனால்தான். அரசு வேலையில் பெண்களுக்கு 30 விழுக்காடு என்பதும் அதே ஆட்சிக்காலம்.

இடஒதுக்கீட்டுல இவர் செஞ்சது என்ன? வேற யாரோ செஞ்சதெல்லாம் இவர் கணக்குல எழுதுறாங்களே?

இரண்டு பக்கமும் அப்படி எழுதுகிறார்கள். சட்டநாதன் ஆணையம் இவர் அமைத்தது. அதன் பின் 1971-இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 25 விழுக்காடு 31 ஆனது, ஆதிதிராவிடருக்கு 16 என்பது 18 ஆனது. 31-ஐ 50 ஆக்கியது எம்.ஜி.ஆர். அந்த 50-க்குள் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 என்று பிரித்தது 1989-இல் கருணாநிதி. மொத்தம் 69 விழுக்காடான இடஒதுக்கீட்டுக்கு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப் பாதுகாப்பு (நீதிமன்றம் எளிதில் தொடாதபடி) வாங்கியது ஜெயலலிதா. பிறகு 2007-இல் முஸ்லிம்களுக்கு 3.5, 2009-இல் அருந்ததியருக்கு 3 என்ற உள்ஒதுக்கீடுகள் மறுபடி இவர்.

நில உச்சவரம்பை 30 தர ஏக்கரிலிருந்து (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) 15 ஆக்கியதும் (1970) இந்த வரிசையில் சேர வேண்டியது. நங்கவரத்தை மறந்துவிடாதீர்கள்.

சாமி இல்லைன்னு சொல்றவர் கோயில் விஷயத்துல ஏன் தலையிட்டாரு?

அவருடைய வாதம் இது: கோயிலை அரசு நிர்வகிக்கிறது, அங்கே சாதி பார்த்து வேலை கொடுப்பதை அரசு எப்படி ஏற்க முடியும்? 1970-இல் பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிச் சட்டம் கொண்டுவந்தார். 1972-இல் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும் என்றது, ஆனால் ஆகம விதியை மீறக் கூடாது என்றும் சொல்லி முடிச்சுப் போட்டது. 2006-இல் மறுபடி அரசாணை, பயிற்சிப் பள்ளிகள். பயிற்சி முடித்தவர்களில் பலர் வேலைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பெரிய எண்ணிக்கையில் நியமனம் நடந்தது 2021-இல், அவர் மறைவுக்குப் பிறகு.

இன்னொரு பக்கம், ஓடாமல் கிடந்த திருவாரூர் ஆழித்தேரை 1970-இல் ஓடவைத்ததும் இவருடைய அரசுதான். நம்பிக்கை வேறு, ஊர்ப்பாசம் வேறு போலும்.

தமிழ்நாட்டுல சாராயக் கடையைத் திறந்தவரே இவர்தானே?

1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தியது இவர்தான். அண்டை மாநிலங்களில் மது ஓடும்போது இங்கே மட்டும் தடை வைத்தால் வருவாய் இழப்புதான் மிச்சம் என்பது அன்றைய வாதம். சில ஆண்டுகளிலேயே, 1974-இல், மறுபடி தடை வந்தது. டாஸ்மாக் நிறுவனம் 1983-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் தொடங்கியது, சில்லறைக் கடைகளை அது நேரடியாக எடுத்தது 2003-இல் ஜெயலலிதா காலத்தில். 2006-இல் திரும்பி வந்த கருணாநிதி அதை மூடவில்லை. 2015-இல் எதிர்க்கட்சியில் இருந்தபடி மதுவிலக்கு கொண்டுவருவோம் என்று அறிவித்தார். ஒரே ஆளின் மீது எல்லாப் பழியையும் போடுவது தவறு, ஆனால் இந்தப் பிரச்சினையில் அவருக்கு உறுதியான நிலைப்பாடு இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

கச்சத்தீவைத் தாரைவார்த்தது இவரா?

வெளிநாட்டு ஒப்பந்தம் செய்வது மத்திய அரசு. 1974-இல் ஒப்பந்தம் போட்டது இந்திரா காந்தி அரசு. கருணாநிதி அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டினார், சட்டமன்றத்தில் எதிர்த்துத் தீர்மானமும் நிறைவேற்றப்பட்டது. ஒப்பந்தத்துக்கு முன்பே வெளியுறவுச் செயலர் அவரைச் சந்தித்து விளக்கினார், அவர் கடுமையாக எதிர்க்கவில்லை என்று காட்டும் ஆவணங்கள் 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் பெரிதாகப் பேசப்பட்டன. ஆக, தாரைவார்க்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. இன்னும் பலமாகத் தடுத்திருக்கலாமா என்றால், அந்தக் கேள்வி உயிரோடுதான் இருக்கிறது.

ஊழல்னா சர்க்காரியான்னு சொல்றாங்களே?

1976-இல் ஆட்சி கலைந்ததும் நீதிபதி சர்க்காரியா தலைமையில் மத்திய அரசு ஆணையம் அமைத்தது. வீராணம் குடிநீர்த் திட்டம் உள்ளிட்ட சில விஷயங்களில் அறிக்கை அவருக்குப் பாதகமாகவே இருந்தது. ஆனால் எதுவும் நீதிமன்றத் தண்டனையில் முடியவில்லை. ஆதரவாளர்கள் இரண்டாவதை மட்டும் சொல்வார்கள், எதிர்ப்பாளர்கள் முதலாவதை மட்டும். சென்னையில் மேம்பாலங்கள் கட்டியதில் முறைகேடு என்ற வழக்கில் 2001 ஜூனில் நள்ளிரவில் கைதானபோது அவருக்கு 77 வயது. குடும்பத்தினருக்குக் கட்சியிலும் ஆட்சியிலும் கிடைத்த இடம் பற்றிய விமர்சனத்துக்கு ஆணையம் எதுவும் தேவையில்லை, கண்ணால் பார்த்ததுதான்.

1989-ல சபைக்குள்ள அடிதடி நடந்தப்போ இவர் என்ன பண்ணிட்டு இருந்தாரு?

நிதிநிலை அறிக்கை படித்துக்கொண்டிருந்தார். அது 1989 மார்ச் 25. மேலே சொத்துரிமைச் சட்டத்தில் வந்த அதே தேதி, தற்செயல்தான். கூச்சல் கைகலப்பானது, அவருடைய கண்ணாடி உடைந்தது. தன் சேலை இழுக்கப்பட்டது என்றார் எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா. நடந்த வரிசையை இரு தரப்பும் வேறு வேறாகவே சொல்லிவந்தன. யார் சொல்வதை நம்பினாலும், முதலமைச்சரின் பொறுப்பில் இருந்த சபையில் நடந்த அசிங்கம் அது.

மேலவையைத் திரும்பக் கொண்டுவரணும்னு ஏன் அவ்வளவு பிடிவாதம்?

தேர்தலில் நிற்க முடியாத ஆசிரியர், பட்டதாரி, உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அவரே உறுப்பினராக இருந்தபோது அது கலைக்கப்பட்டது என்பதையும் மேலே பார்த்தோம். 1989-இலேயே முயன்றார். 2010-இல் நாடாளுமன்றம் 78 இடங்களோடு மேலவைக்குச் சட்டமே இயற்றிவிட்டது. 2011-இல் ஆட்சி மாறியதும் கிடப்பில் போனது. அதே 2010-இல் ஓமந்தூரார் தோட்டத்தில் அவர் திறந்த புதிய சட்டமன்றக் கட்டடமும் பிறகு மருத்துவமனையாகிவிட்டது.

கடைசிக் காலத்துல சபைக்கே வரலையாமே?

2011-க்குப் பின் அவர் சக்கர நாற்காலியில். அதோடு உட்கார வசதியான இடம் உள்ளே இல்லை என்று சொல்லிவந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு. தொகுதி மக்கள் கணக்கில் அது குறைதான். 2016 கடைசியில் உடல்நலம் முழுதாக விழுந்தது. 2018 ஆகஸ்ட் 7 அன்று இறந்தபோதும் அவர் திருவாரூர் உறுப்பினர்தான். 2019-இல் நடந்த இடைத்தேர்தலிலும் அந்தத் தொகுதியில் தி.மு.க.வே வென்றது. அவருடைய படம் 2021 ஆகஸ்டில் சட்டமன்ற மண்டபத்தில் திறக்கப்பட்டது, இடமில்லை என்று அவர் சொன்ன அதே கோட்டை மண்டபத்தில்.